கல்லணையில் கேட்ட "ஏங்க"

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். உடனே தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன், காற்றடித்தால் கரண்டுக் கம்பி அறுந்து கொல்லையில் கிடக்குமோ என்று விடியும்வரை கதவைத் திறக்க மாட்டேன், யாருக்காவது போன் வந்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடிப்போய் நிற்பேன். பயப்படுவதற்கு உயிரோடு இருக்கிற விஷயங்களே எனக்குத் தலைக்கு மேல் இருந்ததால், செத்ததற்கெல்லாம் பயப்பட நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நான் சொல்லப்போவது ராத்திரியில் நடந்ததில்லை, சுடுகாட்டில் நடந்ததில்லை. பட்டப்பகலில், திருவிழா மாதிரி ஜனம் இருந்த இடத்தில், வாயில் வறுத்த மீனை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

என் பெயர் மல்லிகா, ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் அப்போது துபாயில் ஏசி மெக்கானிக். லீவில் வந்தார், பெண் பார்த்தார், தாலி கட்டினார், ஒரு மாதம் கழித்துப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பாதி கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன. செல்போன் எல்லாம் வராத காலம். எஸ்.டி.டி. பூத்தில் நின்று வெளிநாட்டுக்குப் பேசினால் அந்த மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே எனக்குப் பேச வந்தது மறந்துபோகும். அதனால் கேசட். டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். நான் பேசியதைக் கொடுப்பதற்கு முன்னால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன், எதையாவது தப்பாகச் சொல்லி அவர் மனசு கஷ்டப்படுமோ என்ற கவலை. எல்லாக் கேசட்டும் "ஏங்க, நல்லா இருக்கீங்களா" என்றுதான் ஆரம்பிக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொதுவாக யாருக்கும் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்த "ஏங்க"வின் முடிவில் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு சின்ன இழுவை இருக்கும். எனக்கே அது பிடிக்காது. அவரோ அந்த இழுவையைக் கேட்கத்தான் வேலை விட்டு வந்ததும் கேசட்டைப் போடுவேன் என்பார்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். லீவு முடியப்போகிற நேரத்தில், "ஒரு கார் எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் எல்லாம் சுத்திப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

"தஞ்சாவூர்ல பாக்க என்னங்க இருக்கு?" என்றேன். நாங்கள் தஞ்சாவூருக்குப் போவது ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும்தான்.

"இதையேதான் நானும் சொன்னேன். ரூம்ல இருக்கற மலையாளத்தான் கேக்கறான், தஞ்சாவூர்க்காரனா, அந்தப் பெரிய கோயில் உள்ள எப்படி இருக்கும்னு. நான் பஸ்ஸிலேருந்து கோபுரத்தப் பாத்ததோட சரின்னேன். அன்னையிலேருந்து என்னை எல்லாரும் டூப்ளிகேட் தஞ்சாவூர்ங்கறானுவ."

அதற்காகவே ஒரு கேமரா வாங்கி வந்திருந்தார். எல்லா இடத்திலும் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம். அவர், நான், அவருடைய தங்கை வசந்தி, மூன்று பேரும் கிளம்பினோம். எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிற பக்கிரி அண்ணனின் அம்பாசிடர், அவரே ஓட்டி வந்தார். பிளேன் ஏறுவதற்கு ஒரு வாரம்தான் பாக்கி, இந்த நேரத்தில் ஏன் ரோட்டில் அலைய வேண்டும், லாரிக்காரன் குடித்துவிட்டு வந்தால் என்ன ஆவது என்று எனக்கு வழியெல்லாம் அதே நினைப்பு. இவரை முழுசாகப் பிளேன் ஏற்றிவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. மொத்தமாகச் சேர்ந்து வாழ்ந்ததே சில மாதம்தான், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

பெரிய கோயிலில் ஒரு வேடிக்கை. கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று கைடு ஒருத்தர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே விழுது, நான் இப்ப அதுலதான் நிக்கறேன்" என்றார். வசந்தி, "அண்ணே, சும்மா இரு, அவரு பொழைப்பக் கெடுக்காத" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். சொன்னதை அப்படியே நம்புகிற கூட்டமில்லை நாங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் அர்ச்சனைத் தட்டு. இவர் வெளியே நந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். நான் வசந்தியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும், நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தலையாட்டுகிறவள் நான்.

"சொல்லுங்க அண்ணி, சாமி காத்துக்கிட்டு இருக்காரு."

"வசந்தி, வெளையாடாத."

"எனக்கு மறந்துபோச்சு அண்ணி. கூப்புடறது அண்ணன்னு, பேரு எங்க ஞாபகம் இருக்கு?"

குருக்களே சிரித்துவிட்டார். கடைசியில் அவள்தான் சொன்னாள். கலியமூர்த்தி. எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கலியமூர்த்தி மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு சாதாரணமான பெயர். ஆனால் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அது என் வாயில் வந்ததே கிடையாது. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயசிலேயே காதில் போட்டு வைத்திருந்தார்கள். பேயை நம்பாதவள் இதை மட்டும் ஏன் நம்பினாய் என்று கேட்காதீர்கள். இது நம்பிக்கை இல்லை, கவலை. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற கவலை.

அங்கிருந்து திருவையாறு. அசோகா அல்வா வாங்கிக் காரிலேயே தின்றோம். காவிரிக் கரையோடு ஒட்டிப் போகிற ரோடு, இரண்டு பக்கமும் மூங்கிலும் வாழையும். அந்த வருஷம் தண்ணீர் நேரத்தோடு திறந்துவிட்டிருந்தார்கள், நாற்றங்காலெல்லாம் கண்ணைப் பறிக்கிற பச்சை. இவர் காரை நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்தார். வெறும் வயலை என்னத்துக்கு என்று கேட்டால், "அங்க வந்து பாரு, அப்பத் தெரியும்" என்றார்.

கல்லணைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பாலத்தின் மேல் நின்றால் கீழே ஷட்டர் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது, அந்த இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது, முகத்தில் சாரல் அடிக்கிறது. எனக்கு அதை எட்டிப் பார்க்கவே பயம். ஒதுங்கி வந்து, படித்துறை தெரிகிற மாதிரி இருந்த ஒரு மீன் கடையில் உட்கார்ந்தோம். மஞ்சளும் மிளகாயும் தடவிய மீனை அங்கேயே வறுத்துக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் இரைச்சல் அவ்வளவாக இல்லை, பேசினால் நன்றாகக் கேட்டது. கீழே படியில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரி அண்ணனும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மேல் படியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். இவர் தின்று முடித்துவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படித்துறையின் ஓரமாகப் போய் நின்று பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நகர்ந்து நகர்ந்து விழுந்துவிடப் போகிறாரே என்று.

அப்போதுதான் கேட்டது.

"ஏங்க..."

என் குரல். அந்த இழுவையோடு. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து.

வாயில் மீன் இருக்கிறது எனக்கு. மெல்லுவதை நிறுத்திவிட்டேன். இங்கே வருகிற பொம்பளைகள் எல்லாருமே புருஷனை ஏங்க என்றுதான் கூப்பிடுவார்கள், வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். திரும்பி வசந்தியைப் பார்த்தால், அவள் கையில் மீனை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி, நீங்க இங்கதானே இருக்கீங்க?"

அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் அது வேறு யார் குரலும் இல்லை என்று எனக்கு உறைத்தது. நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும், "ஏங்க..."

இவர் தலையைத் திருப்பினார். எங்கள் பக்கம் இல்லை, ஆற்றுப் பக்கம். "வரேன், வரேன், அசையாத" என்றார். சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். புது ஷூ, பேன்ட், கையில் வாட்ச், கழுத்தில் கேமரா, எதையும் கழற்றவில்லை. வீட்டில் வாசல்படி இறங்குகிற மாதிரி சாதாரணமாக இறங்குகிறார், தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, அவர் பார்வை கீழே இல்லை, எதிரே இருக்கிற யாரையோ பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டு போகிறார். எதிரே ஒன்றும் இல்லை. தண்ணீர்தான், சுழித்துக்கொண்டு.

மீனைத் துப்பிவிட்டு ஓடினேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். படித்துறையில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர், பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர், எல்லாரும். எல்லாருமே யாரோ ஒருத்திக்கு ஏங்கதானே. என் ஆள் மட்டும் திரும்பவில்லை. ஏனென்றால் அவரைத்தான் எதிரிலிருந்தும் கூப்பிடுகிறதே. நான் ஏங்க என்றால் அதுவும் ஏங்க என்கிறது. எதிரொலியாக இருக்கும் என்று பிற்பாடு நிறையப் பேர் எனக்கு விளக்கம் சொன்னார்கள். எதிரொலி என்றால் நான் கூப்பிட்ட பிறகுதானே வர வேண்டும்? இது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வந்தது. என் நெஞ்சில் மூச்சு ஏறும்போதே அங்கே சத்தம் கேட்டுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். அடுத்த படி இருக்கிறதா, இல்லை பள்ளமா, தெரியாது. இழுப்பில் அவர் சட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி அடித்துக்கொண்டது. நான் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டேன், எனக்கு நீச்சல் தெரியாது, கால் நகர மாட்டேன் என்கிறது. இன்னொரு தடவை ஏங்க என்றால் இவர் இன்னும் ஒரு படி இறங்குவார் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அவரைக் கூப்பிட எனக்கு வேறு வார்த்தையே கிடையாது. இவ்வளவு நாளும் நான் வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் எதுவோ எடுத்துக்கொண்டது.

"கலியமூர்த்தி!"

எப்படி வந்தது என்று தெரியவில்லை. ங்க இல்லை, மரியாதை இல்லை, ஓடின ஓட்டத்தில் நடுவில் குரல் உடைந்து, கலிய என்பது ஒரு மாதிரியும் மூர்த்தி என்பது கீச்சென்று ஒரு மாதிரியும் வந்தது.

சட்டென்று நின்றார். திரும்பினார். தூக்கத்திலிருந்து எழுப்பின பிள்ளை முழிக்குமே, அப்படி என்னைப் பார்த்தார், அப்புறம் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அடுத்த நொடி கால் வழுக்கி உள்ளே போய்விட்டார். பக்கிரி அண்ணன் மேல் படியிலிருந்து அப்படியே பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து, இன்னும் இரண்டு பேர் கை கொடுத்து, இழுத்துப் போட்டார்கள். கேமரா போய்விட்டது. ஒரு ஷூ போய்விட்டது. ஆள் இருந்தார்.

நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தேன். மறுபடியும் கூப்பிடுமோ என்று. கூப்பிடவில்லை. நான் பெயரைக் கத்தியதிலிருந்து அது வாயே திறக்கவில்லை. பயந்துபோய்ச் சும்மா இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. எதையோ புதுசாகக் கேட்டுவிட்டு, அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

காரில் வரும்போது இவர் கேட்டார். "நீதானே தண்ணிக்குள்ள நின்ன? கால் வழுக்குது, கையக் குடுங்கன்னியே?"

"நான் மேல மீன் தின்னுக்கிட்டு இருந்தேங்க."

"அப்பறம் பின்னாடிலேருந்தும் நீயே கத்தற. அதுவும் என் பேரச் சொல்லி. இவ என் பேரு சொல்ல மாட்டாளே, எது மல்லிகான்னு எனக்கு வெளங்கவே இல்ல."

"எப்படிங்க திரும்புனீங்க?"

"அம்மா அடிக்கறதுக்குத் தொரத்தும்போது அப்படித்தான் கத்தும். கை கால் தானா நின்னுடுச்சு" என்றார். பக்கிரி அண்ணன் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம், அழுதுகொண்டே.

வீட்டுக்கு வந்தால், செத்துப் பிழைத்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை. வசந்தி காரிலிருந்து இறங்கும்போதே, "அம்மா, அண்ணி அண்ணன் பேரச் சொல்லிட்டாங்க! ங்க கூட இல்ல!" என்று ஆரம்பித்துவிட்டாள். என் மாமியார், "ஊர்ல இருக்கறவங்க காதுல எல்லாம் விழுற மாதிரியா கத்துன?" என்று கேட்டார். தெரு முழுக்க அதுதான் ஒரு வாரத்துக்குப் பேச்சு. ஏதோ மயக்கத்தில் இறங்கிவிட்டான், வெயில், வெறும் வயிற்றில் அல்வா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். இவர் பிளேன் ஏறிப் போனார். படம் ஒன்றுகூட இல்லாமல் போனதால் ரூமில் இன்னும் டூப்ளிகேட் தஞ்சாவூர்தான் என்று கேசட்டில் சொன்னார். துபாயில் ஆறு கிடையாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வருஷம் தண்ணீர் திறந்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடுவது பாமணியாறு. அதுவும் காவிரித் தண்ணீர்தான், கல்லணையில் பிரிகிற வெண்ணாற்றிலிருந்து வருகிறது. புதுத் தண்ணீர் செக்கச்செவேல் என்று குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த அன்று காலை, நான் அடுப்படியில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கொல்லைப் பக்கம் கேட்டது.

"கலியமூர்த்தி!"

ங்க இல்லை. நடுவில் உடைந்து, மூர்த்தி மட்டும் கீச்சென்று. நான் அன்று எப்படிக் கத்தினேனோ, அதே மாதிரி, அப்படியே.

அவர் அப்போது கடல் தாண்டி இருந்தார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏங்க என்று கூப்பிட்டவரைக்கும் அதற்கு இவரை மட்டும் தனியாகக் கூப்பிடத் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அப்புறம் இவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார், அதே கொல்லைக்கு முன்னால் மாடி கட்டினோம். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று எவ்வளவோ சொன்னேன், ஆற்றங்கரை வீடு யாருக்குக் கிடைக்கும் என்று கேட்கவில்லை. அதனால் நான் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். ஏங்கவும் கிடையாது, பெயரும் கிடையாது. சாப்பாடு தயார் என்றால் நேரில் போய்த் தோளைத் தொடுவேன். "உங்களைத் தொட்டுக் கூப்பிடறது மட்டும்தான் நான், சத்தம் கேட்டா எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, காது சுத்தமாக மந்தம். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் தெரியாது. சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் பையன் காதில் மாட்டுகிற மிஷின் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். நான் அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். "ஏம்மா, அப்பா கேக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்று கோபித்துக்கொண்டு போனான். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து வற்றட்டும், அப்புறம் போடலாம் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் காது மந்தமானதை நினைத்து இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஆள் நான்தான். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

போன வாரம் இங்கே தண்ணீர் வந்தது. வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எதிர்வீட்டில் லாரி வந்து மணல் கொட்டியதற்குக்கூடத் தலை நிமிராத மனுஷன், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"வரேன், வரேன், அசையாத" என்றார்.